சீசன் வீட்டுக்குத் தேய்மானம் எழுதலாமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

எனக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். திருநெல்வேலியில் இருந்து தென்காசி போற பஸ்ல நீங்க கடந்து போயிருப்பீங்க. எங்க மாமா 2000ல குற்றாலத்தில், ஐந்தருவி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு கட்டினார். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கொஞ்சம் வருவாங்க. மத்த மாசம் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

மாமா பையனுக்கு சென்னையில் ஐடி வேலை. வீட்டை ஹோம்ஸ்டேயா மாத்தி ஆப்ல போடணும்னு நிக்கிறான். கூடவே எனக்கு ஒரு ரீல்ஸ் அனுப்பினான். வீட்டுக்குத் தேய்மானம், அதாவது டிப்ரிசியேஷன், எழுதினா சம்பளத்துக்கான வரியே காணாமப் போயிடுமாம். உங்கள்ல சில பேருக்கும் இது வந்திருக்கும்.

அந்த ரீல்ஸ் பேசுறது அமெரிக்கச் சட்டம். விருந்தாளிகள் சராசரியா 7 நாளோ அதுக்குக் குறைவாவோ தங்கணும், உரிமையாளரே இறங்கி வேலை பார்க்கணும். அப்படின்னா அங்க தேய்மானத்தால் வர்ற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். இங்க தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. அதுவும் போக, வீடு மாமா பேர்ல இருக்கு, சம்பளம் இவன் பேர்ல. கதை அங்கேயே முடிஞ்சுது.

ஆனா மாமாவுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? அதைப் பார்ப்போம்.

நம்ம சட்டத்தில் முதல் கேள்வி, இந்த வருமானம் எந்தத் தலைப்பில் வருது என்பது. 'வீட்டுச் சொத்து வருமானம்'னா தேய்மானம் கிடையவே கிடையாது. அதுக்குப் பதிலா, கட்டின வீட்டுத் தீர்வையைக் கழிச்ச பிறகு மீதியில் 30% அப்படியே கழிவு. ஒரு பில்லும் காட்ட வேண்டாம். 'தொழில் வருமானம்'னா நிஜச் செலவையெல்லாம் கழிக்கலாம், தேய்மானமும் உண்டு. 2024 பட்ஜெட்ல ஒரு திருத்தம் வந்துச்சு: குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டா அது வீட்டுச் சொத்து வருமானம்தான், தொழில்னு காட்டக்கூடாது. நாள் வாடகைக்குன்னு அதில் தனி விலக்கு எதுவும் எழுதல. அதனால வெறும் சாவியைக் கையில் கொடுத்துட்டு 'நான் தொழில் பண்றேன்'னு சொன்னா நிக்காது. தினசரி சுத்தம், படுக்கை விரிப்பு, காலையில இட்லி, ராத்திரி ஆள், இப்படி ஒரு லாட்ஜ் செய்யற வேலையெல்லாம் இருந்தாத்தான் வாதமே பண்ண முடியும்.

சரி, தொழில்னே ஏத்துக்கிட்டாங்கன்னு வச்சுக்குவோம். 1961 சட்டத்தின் விதிகள்படி குடியிருப்புக் கட்டடத்துக்கு வருஷம் 5%, ஹோட்டல், தங்கும் விடுதிக்கு 10%. மனைக்குத் தேய்மானமே இல்ல. மாமா பையன் கணக்கு போட்டான்: கட்டடம் இன்னைக்கு 20 லட்சம் பெறும், 10% போட்டா 2 லட்சம்.

இல்ல. சொந்த உபயோகத்தில் இருந்த பழைய வீட்டைத் தொழிலுக்குக் கொண்டு வந்தா, இன்னைய மார்க்கெட் விலையை எடுக்க விட மாட்டாங்க. கட்டின அன்னைய செலவை எடுத்து, அன்னைக்கே தொழில் ஆரம்பிச்ச மாதிரி பாவிச்சு, இத்தனை வருஷத் தேய்மானத்தையும் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் கொடுப்பாங்க. மாமா கட்டடத்துக்குப் போட்டது 10 லட்சம்னா, 25 வருஷம் 10% கழிச்சதும் நிக்கிறது சுமார் 72,000 ரூபாய். அதில் 10% 7,200. ஒரு நல்ல சீசன் சனிக்கிழமை வாடகையே அதைத் தாண்டிடும்.

'சின்னதா இருந்தா என்ன, வர்றது வரட்டுமே'னு தோணும். எனக்கும் தோணிச்சு, விக்கிற நாளை யோசிக்கிற வரைக்கும். தேய்மானம் எழுதின கட்டடத்தை வித்தா, எத்தனை வருஷம் வச்சிருந்தாலும் கட்டடத்தில் கிடைக்கிற லாபம் குறுகிய கால லாபம்தான். மனையைத் தனியாப் பார்ப்பாங்க, அது நீண்ட காலமாவே இருக்கும். 5 வருஷம் கழிச்சு கட்டடத்துக்கு மட்டும் 20 லட்சம் கிடைக்குதுன்னா, அப்ப புத்தகத்தில் நிக்கிறது சுமார் 42,500. லாபம் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல. 30% ஸ்லாபில் விழுந்தா வரி கிட்டத்தட்ட 5.9 லட்சம். தேய்மானமே எழுதாத வீடா இருந்தா 10 லட்சம் லாபத்துக்கு 12.5% போட்டாலும் 1.25 லட்சம்தான். அந்த 5 வருஷத்தில் தேய்மானத்தால் மிச்சமான வரி 9,000 ரூபாய்கூட இல்ல.

எழுதாம விட்டுடலாமேன்னா, அதுவும் முடியாது. தொழில்னு காட்டிட்டா, நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் தேய்மானம் கழிச்சதாத்தான் கணக்கு. வரவில் 8%, வங்கி வழியா வந்ததுக்கு 6% லாபம்னு காட்டுற உத்தேச வரித் திட்டத்தில் போனாலும் இதே கதைதான். தனியாத் தேய்மானம் கிடைக்காது, ஆனா புத்தகத்தில் மட்டும் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போகும்.

அதனால பழைய வீடு வச்சிருக்கிறவங்களுக்கு என் யோசனை வேற. மாமா வீட்டைப் பையனுக்கே முறையான ஒப்பந்தம் போட்டு, ஊர் நிலவர வாடகைக்கு, வங்கி வழியா பணம் வாங்கிட்டு விடட்டும். மாமாவுக்கு 30% கழிவு, கட்டடத்தில் தேய்மானம் ஏறாது. பையன் ஹோம்ஸ்டே நடத்தட்டும். கொடுக்கிற வாடகை அவனுக்குச் செலவு. அவன் போடுற புது பாத்ரூம், டைல்ஸ் எல்லாம் வாடகைக் கட்டடமா இருந்தாலும் அவன் கணக்கில் தேய்மானம் பெறும். கட்டில், மெத்தைக்கு 10%, ஏசி, வாஷிங் மெஷினுக்கு 15%. ஆனா ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அந்தச் செலவு கணக்கிலேயே சேராது. நம்ம ஊர்ல கொத்தனாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கட்டா பணம் கொடுத்துத்தான் பழக்கம், அதை முதல்ல மாத்தணும்.

தேதியும் முக்கியம். வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்ச பொருளுக்குப் பாதித் தேய்மானம்தான். சாதாரண வருஷத்தில் அக்டோபர் 3க்குள்ள உபயோகத்துக்கு வந்துடணும். சாரலுக்குத் திறந்தா முழுசு, ஐயப்ப சீசனுக்குத் திறந்தா பாதி. அதுக்கப்புறம் ரூம் எத்தனை நாள் காலியாக் கிடந்தாலும் குறைக்க மாட்டாங்க.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேற. ஆடிட்டர்கிட்ட போகும்போது எண்ணைத் தேடாதீங்க. வீடு கட்டின வருஷம், அன்னைய செலவு, அதுக்கான பேப்பர், இதை எடுத்துட்டுப் போங்க. மாமா இப்ப பரண்ல 2000த்து சிமெண்ட் பில்லைத் தேடிக்கிட்டிருக்கார்.