உங்களுக்குத் தெரியுமா? சும்மா இருக்கும் சார்ஜர்

“சார்ஜரை ஆஃப் பண்ணு, பில் ஏறுது!” இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா? குரல் சரிதான். ஆனால் ஆஃப் பண்ணுவதற்கு பில்லைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

● தரமான புதிய சார்ஜர், போன் மாட்டாமல் செருகியிருக்கும்போது இழுப்பது சுமார் 0.1 வாட். வருடம் முழுக்க அப்படியே கிடந்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. தொட்டால் சூடாக இருக்கும் பழைய கனத்த அடாப்டர் என்றால் இதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

● 5,000 எம்ஏஎச் பேட்டரியை தினமும் முழுதாக ஏற்றினாலும் வருடத்துக்குச் சுமார் 10 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதே 10 யூனிட்டை, நாளுக்கு 10 மணி நேரம் ஓடும் 75 வாட் ஃபேன் இரண்டே வாரத்தில் தின்றுவிடும். அதை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் வருடத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

● ரிமோட்டில் அணைத்த செட்-டாப் பாக்ஸ் உண்மையில் தூங்குவதில்லை. அது 10 வாட் இழுத்தால், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் 14 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். ஸ்விட்சில் அணையுங்கள்.

● சார்ஜர் பில்லை அவ்வளவாக ஏற்றாது என்றால், அதை ஏன் அணைக்க வேண்டும்? உள்ளே ஒரு பக்கம் 230 வோல்ட். இன்னொரு பக்கம், உங்கள் கைக்கு வரும் 5 வோல்ட். இரண்டையும் பிரித்து வைப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும் மெல்லிய காப்பும்தான். மலிவுச் சார்ஜர்களில் செலவைக் குறைக்கக் கை வைப்பது இந்த இடத்தில்தான். காப்பு பழுதானால், குழந்தை வாயில் வைக்கும் வயர் முனைக்கே 230 வோல்ட் வந்துவிடலாம்.

● சார்ஜர் வாங்கும்போது அதன் மேல் பிஐஎஸ் பதிவு எண்ணைத் தேடுங்கள். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும், அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும்.

● சார்ஜரில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் தேவையில்லை என்று பொருள்.

● மூன்று பின் பிளக்கில் ஒரு பின் மட்டும் நீளமாக, தடியாக இருப்பது ஏன்? அது எர்த். செருகும்போது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விலகும். இரண்டு பின் பாயின்ட்டில் நுழைப்பதற்காக அதை உடைப்பவர் தன் காவலையே உடைக்கிறார்.

● 65 வாட் சார்ஜரில் 18 வாட் போனை மாட்டினால் போன் கெட்டுவிடாது. போனும் சார்ஜரும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். போன் கேட்கும் அளவுதான் போகும். சார்ஜர் தரமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

● லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். மேசை மேல் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அந்த போனுக்கு மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

● 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குவது மொத்தமே 1,380 வாட். நான்கு சார்ஜர் மாட்டலாம். அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் சேர்ந்தால் வயர் உருகலாம்.

● 9 வாட் எல்இடி பல்பு இழுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்தச் சிறு கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிரைப் பறிக்கப் போதும். எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. அதன் வேலை ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் கரண்டைத் துண்டிப்பது ஆர்சிசிபி. மெயின் போர்டில் அது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ‘டெஸ்ட்’ பட்டனை இன்றே ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருண்டால் நிம்மதி. இருளவில்லை என்றால், எலக்ட்ரீஷியனை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.