மட்கார்டுக்குள் எட்டிப் பாருங்கள்!

மேல்சித்தாமூர் பார்சுவநாதர் தேருக்குச் சொந்தபந்தங்களை அடைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து ஒரு பழைய காண்டெஸ்ஸா கிளம்புகிறது என்று வையுங்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில் படுவது ஒன்றுதான்: மட்கார்டு நிறையப் புடைத்து நிற்கும் இரண்டு அகல டயர்கள். அடடா! ஆனால் உண்மையான கூத்து டயரின் உள்பக்கத்தில் நடக்கிறது. குனியுங்கள், சட்டை அழுக்கானால் ஆகட்டும்.

நடுத்தர உடம்பில் பெரிய இன்ஜினை இறக்கி, 1964-ல் அமெரிக்காவில் மசில் கார் மோகத்தைக் கிளப்பியது பான்டியாக் ஜிடிஓ. நம் நாட்டில் அந்தப் பட்டத்தை ரசிகர்கள் காண்டெஸ்ஸாவுக்குச் சூட்டினார்கள். நீண்ட பானெட், பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் வம்சம். உள்ளே முதலில் இருந்ததோ அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின்! பயில்வானுக்குப் பூனைக்குரல் வைத்ததுபோல. பிறகு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்துதான் மானத்தைக் காப்பாற்றியது. 2002-ல் உற்பத்தி நின்றது.

வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பாரமும் பின்னால்தான் சாய்கிறது. அதனால் அங்கே அகல டயர் கேட்பது நியாயமே. (இசுசுவின் வேகத்துக்கு அது கட்டாயமா? இல்லை. முக்கால்வாசி அழகுக்குத்தான். இருக்கட்டுமே!)

இனி கணக்கு. பேச்சுக்கு, இருப்பது 185/70 ஆர்14 என்போம். அதன் முழு விட்டம் சுமார் 615 மில்லிமீட்டர். 215/60 ஆர்14 போட்டால் 614. உயரம் மாறவே இல்லை, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அகலம் மட்டும் 30 மில்லிமீட்டர் கூடிவிட்டது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! ஆனால் அந்த முப்பதும் வெளியே வராது. டிஸ்க் டிரம்மில் உட்காரும் இடம் மாறாவிட்டால், 15 வெளியே, 15 உள்ளே. உள்ளே ஷாக் அப்சார்பர், பிரேக் பைப், சேசிஸ் ஓரம் எல்லாம் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பழைய ரிம்மிலேயே திணிக்கவும் கூடாது. 215-க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும்.

அளக்கும் காட்சிதான் எனக்குப் பிடித்தது. மட்கார்டு விளிம்பிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் இடைவெளி பார்ப்பார்கள். அதோடு முடியாது. காண்டெஸ்ஸாவின் பின் அச்சு முழு நீளக் கட்டை அச்சு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அச்சு மொத்தமும் சாயும், ஏறிய டயரின் தலை உள்பக்கம் வரும். எனவே ஜாக்கியை அச்சின் ஒரு முனைக்கு மட்டும் கொடுத்து ஏற்றி, உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளி விளிம்பு இடித்தால் டிங்கர் வருவார். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்தைச் சூடுகாட்டி மெதுவாக மடிப்பார். அவசரப்பட்டால் பெயின்ட் வெடித்துவிடும்.

ஆளில்லாத வண்டியில் இவ்வளவும் கச்சிதமாகத்தான் இருக்கும். பின்சீட்டில் பெரியப்பா, சித்தி, குழந்தைகள், டிக்கியில் சாமான் எல்லாம் ஏறட்டும். ஸ்பிரிங் அமுங்கி, முதல் வேகத்தடையிலேயே ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தால் போச்சு. அதனால் ஆட்களை உட்காரவைத்துச் சோதிப்பவரே நல்ல மெக்கானிக். திருவிழாக் கூட்டம் இதற்கு வாகாக அமைகிறது!

கம்பெனி சொன்ன அளவை மீறுவதற்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைப்பது பற்றியதுதான்.

ஸ்டெப்னியை மறக்கவேண்டாம். டிக்கியில் பழைய 185 கிடந்தால், விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். விட்டம் வேறானால் இடதும் வலதும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். ஆகவே டயர் வாங்கும்போது அகலத்தில் மயங்குங்கள், ஆனால் பில் போடுவதற்குமுன் விட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.