மண்ணுக்குள் காத்திருந்த பெயர்

சாணத்தை உருட்டும் வண்டை நாம் பொருட்படுத்துவதில்லை. பண்டைய எகிப்தியரோ, சூரியனை வானில் உருட்டிச் செல்லும் தெய்வத்தின் வடிவமாக அதனைக் கண்டனர். மறுபிறப்பின் அடையாளமாகக் கல்லில் செதுக்கித் தாயத்தாக அணிந்தனர். அதன் தட்டையான அடிப்பக்கத்தில் அரசர், அரசியரின் பெயர்களையும் பொறித்தனர்.

அப்பெயர்களுள் என் மனதைத் தொட்டது ஹட்செப்சுட் என்பதாகும். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர், கணவரை இழந்தபின், அவரது மற்றொரு மனைவியின் மகனான சிறுவன் மூன்றாம் துட்மோசுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பின்னர் தாமே முடிசூடி, சுமார் 20 ஆண்டுகள் நாட்டை நடத்தினார்.

அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், துட்மோசின் ஆட்சியில் அவரது பெயர் கோயிற் சுவர்களிலிருந்து கொத்தி அகற்றப்பட்டது. சிலைகளும் உடைக்கப்பட்டன. ஆனால், டெய்ர் எல்-பஹாரியில் அவர் கட்டிய கோயிலின் அத்திவாரக் குழிகளில் இடப்பட்ட ஏறத்தாழ 300 வண்டுத் தாயத்துகளும் முத்திரைகளும் மண்ணுக்குள் தப்பியிருந்தன. 1920களில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தினர் அவற்றைத் தோண்டியெடுத்தனர். பலவற்றில் அவரது பெயர் அழியாமல் இருந்தது.

சகோதரிகளே, கிராமங்களில் விபரம் பதியும்போது, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே பலர் தம்மைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உறவுகளின் பெயர்களை நீங்கள் மறக்கவிடுவதில்லை. உங்கள் பெயரும் அவற்றோடு நிலைக்க வேண்டும். சங்கப் பதிவேட்டிலும் காணிப் பத்திரத்திலும் அது சரியாக உள்ளதா எனப் பாருங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.