குணசாலியும் உரனும்: கிறித்தவக் குடும்பத்தில் நற்பண்பு யாருடைய வேலை?

1

தமிழ்க் கிறித்தவத் திருமண அழைப்பிதழ்களில், அன்னையர் தினப் பிரசங்கங்களில், ஏன், கல்லறை வாசகங்களில்கூட ஒரு சொற்றொடர் வந்துவிடுகிறது: ‘குணசாலியான ஸ்திரீ’. பழைய ஏற்பாட்டில் நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. மணப்பெண்ணுக்கு முதல்நாள் அது வாழ்த்து. சில மாதங்களில் அதுவே பட்டியலாகிவிடும்: பொறுமை, தாழ்மை, சாந்தம், கீழ்ப்படிதல், தன்னை மறந்து பிறரைப் பேணுதல். காலையில் அடுப்புப் பற்றவைப்பது முதல் இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது வரை எல்லாமே இந்தக் குணங்களைப் பயிலும் களங்கள் என்று அவளுக்குச் சொல்லித்தரப்படுகிறது.

‘இதெல்லாம் சபைக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மதத்தை விட்டு வந்தவர்களின் வீட்டிலும் சோறு தானாக வெந்துவிடுவதில்லை. கூட்டம் முடியும்வரை டீ போட்டுக்கொண்டிருந்தவரைத் ‘தோழரின் துணைவியார் ரொம்ப நல்லவங்க’ என்று பாராட்டுகிறோமே, அந்த ‘நல்லவங்க’ எங்கிருந்து வருகிறது? உழைப்புக்குக் கூலி தராமல் குணம் என்று பெயர் தருவது மதத்துக்கு மட்டும் உரிய வேலை அல்ல. ஆனால் கிறித்தவம் இதை வெளிப்படையாக, ஒரு கோட்பாடாகவே பேசியிருக்கிறது. அந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே அதைத் திருப்பிக் கேட்பதற்கான இடமும் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் சொல். ‘குணசாலி’ என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ‘ஹாயில்’. வலிமை, படை, வீரம், செல்வ பலம் ஆகிய பொருள்களில் வழங்கும் சொல் அது. புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில், நியாயாதிபதிகள் நூலில் கிதியோனைப் பற்றி இதே சொல் வரும்போது அவன் ‘பராக்கிரமசாலி’ ஆகிறான். ரூத்தின் கதையில் போவாஸுக்கு வரும்போது ‘ஆஸ்திக்காரன்’ ஆகிறான். அதே கதையில் ரூத்துக்கு வரும்போது மட்டும் அவள் ‘குணசாலி’. ஆணுக்கு வந்தால் தோளிலும் பெட்டியிலும் இருக்கிற ஒன்று, பெண்ணுக்கு வந்தால் குணத்துக்குள் போய்விடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் பெருமையையும் உரனையும் ஆணுக்கு வைத்தது. அச்சம், நாணம், மடன் மூன்றையும் பெண்ணுக்கு வைத்தது. எபிரேயப் பிரதி பெண்ணிடம் கண்டது உரனை. பைபிள் தமிழுக்கு வந்தபோது நம் இலக்கண மரபின் பழைய பங்கீடு அதற்குள் நுழைந்துவிட்டது என்று வாசிக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு மரபும் இதே வேலையைச் செய்திருப்பதால் பழியை முழுக்கத் தமிழின் மேல் போடவும் முடியாது.

அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் இன்னொன்று தெரியும். 22 வசனங்கள், எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. நம் ஆத்திசூடி மாதிரி. அதில் வரும் பெண் நிலத்தைப் பார்த்து விசாரித்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், நூற்கிறாள், நெய்ததை வியாபாரிகளுக்கு விற்கிறாள், வேலைக்காரிகளுக்கு வேலை பங்கிடுகிறாள், ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். புருஷன் ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். பொறுத்துப் போனாள், அடங்கி இருந்தாள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவள் செய்வதெல்லாம் வினைகள். பிரசங்கம் அந்த வினைகளைக் கழித்துவிட்டுப் பண்புப்பெயர்களை மட்டும் நிறுத்திக்கொண்டது.

3

கிறித்தவ அறவியலில் நற்பண்பு என்பது மனநிலை அல்ல, பழக்கம். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதை விரிவாக எழுதினார். ஒருவருக்குள் ஊன்றிப்போகும் ஆற்றலே நற்பண்பு. அவை ஏழு: விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று, விவேகம், நீதி, துணிவு, மிதம் என்ற நான்கு. மனைவிக்கும் தாய்க்கும் என்று தனிப் பட்டியல் இல்லை. இந்த ஏழில் நீதியும் துணிவும் வீட்டு வாசற்படியில் எப்படிக் கழன்று விழுந்தன என்பதுதான் கேள்வி.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். அக்வினாஸ் பொறுமையைத் தனியாக வைக்கவில்லை, துணிவின் ஒரு பகுதியாக வைக்கிறார். சாந்தம் என்பது கோபத்தை அளவுக்குள் வைப்பது, அழிப்பது அல்ல. கோபப்பட வேண்டிய காரணம் இருக்கும்போது கோபமே வராதிருப்பதும் ஒரு குற்றம்தான் என்கிறார். அடிவாங்கிவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் ‘பொறுத்துக்கம்மா, சிலுவையைச் சும’ என்று சொல்லும் போதகர் கிறித்தவ மரபைச் சொல்லவில்லை. அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியைச் சொல்கிறார்.

அடுத்தது எபேசியர் நிருபம். மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு எப்போதும் காட்டப்படும் இடம் ஐந்தாம் அதிகாரம் 22ஆம் வசனம். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இந்த வசனத்துக்கு வினையே கிடையாது. நம் இலக்கணத்தில் சொன்னால் வினை தொக்கி நிற்கிறது. அதை 21ஆம் வசனத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த 21ஆம் வசனமோ எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. தலைப்புப் போட்டு இரண்டையும் பிரித்து அச்சிடும்போது, ஒருவருக்கொருவர் என்பது ஒருவழிப் பாதையாகிவிடுகிறது.

இதற்காகப் பவுலின் பெயரில் உள்ள நிருபத்தைப் பெண்ணியப் பிரதி என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. கணவன்–மனைவி, தகப்பன்–பிள்ளை, எஜமான்–அடிமை என்று அங்கே வரும் மூன்று ஜோடிகளும் அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் முதல் புத்தகத்தில் வீட்டு நிர்வாகத்துக்கு வகுத்த அதே மூன்று ஜோடிகள். அன்றைய உலகத்தின் வீட்டுச் சட்டம் அது. மூன்றாவது ஜோடியை இன்று எந்தச் சபையும் நியாயப்படுத்துவதில்லை. ‘அது அந்தக் காலம்’ என்று தாண்டிவிடுகிறார்கள். முதல் ஜோடிக்கு வரும்போது மட்டும் காலம் நின்றுவிடுகிறது.

4

கோட்பாட்டை விட்டு ஒரு வீட்டுக்குள் போவோம். பிரான்சில் அலென்சோன் நகரம். செலி மார்த்தேன் (1831–1877) என்ற பெண் அங்கே 1853இல் சொந்தமாக லேஸ் தொழில் தொடங்கினார். அலென்சோன் லேஸ் ஊசியால் சிறு துண்டுகளாகச் செய்யப்படுவது. வெவ்வேறு பெண்கள் தம் வீட்டில் செய்துகொடுக்கும் துண்டுகளை, தையல் தெரியாமல் இணைப்பது நுட்பமான வேலை. அதைச் செலி செய்தார். 1858இல் திருமணம். கடிகாரம் செய்பவரான கணவர் லூயி 1870இல் தன் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு வந்துசேர்ந்தார். ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். 45 வயதில் மார்பகப் புற்றுநோயால் செலி இறந்தார். 2015இல் கத்தோலிக்கத் திருச்சபை கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தது. தம்பதியாக ஒன்றாக அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் ஜோடி அவர்கள்.

செலியின் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பிரார்த்தனை இருக்கிறது. கூடவே லேஸ் ஆர்டர், அலுப்பு, தூக்கமின்மை, பிள்ளைகளின் இருமல் எல்லாம் இருக்கின்றன. அன்பைப் பழகும் இடம் இந்த இருமலும் அலுப்பும்தான் என்று அவர் வாழ்ந்தார். இதை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ராத்திரி கண்விழித்தவருக்கு அந்தக் கண்விழிப்பில் ஓர் அர்த்தம் இருந்தது என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் அந்த வீட்டில் வேறு பெண்களும் இருந்தார்கள். கடைசி மகள் தெரேசுக்குச் செலியால் பால் கொடுக்க முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் குழந்தை வளர்ந்தது ரோஸ் தாயே என்ற கிராமத்துப் பெண்ணிடம். மூன்றாவது மகள் லெயோனியை வீட்டு வேலைக்காரப் பெண் மிரட்டி ஆட்டிவைத்ததை, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் செலி கண்டுபிடித்தார். ஒரு தாயின் நற்பண்பு தனியாக நிற்பதில்லை. இன்னொருத்தியின் பாலையும் கூலியையும் பற்றிக்கொண்டு நிற்கிறது. புனிதர் பட்டியலில் ரோஸ் தாயே இல்லை.

அந்த மகள்தான் பின்னால் லிசியே நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்து ‘சிறிய வழி’யைக் கற்பித்த குழந்தை தெரேசா. சின்னச் சின்னக் காரியங்களை அன்போடு செய்வதே புனிதம் என்ற அவருடைய போதனை இல்லத்தரசிகளுக்குத்தான் அதிகம் சொல்லப்படுகிறது. ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். மடத்தில் மணி அடிக்கும், வேலை நிற்கும். சமையலும் துவைப்பும் விதிப்படி பங்கிடப்படும். ஜெபத்துக்கும் படிப்புக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். வீட்டில் மணி அடிப்பது யார்?

5

லேஸ் நமக்கும் தூரத்துச் சமாச்சாரம் அல்ல. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொழில் தென்திருவிதாங்கூரெங்கும் பரவியது. குனிந்த தலை, சுத்தமான கை, அமைதி, ஒழுங்கு என்று நல்ல கிறித்தவ மனைவியை வார்க்கும் பயிற்சியாகவும் அது இருந்தது. ஆனால் அதே ஊசி வேறொன்றையும் செய்தது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸில் ஈட்டிய காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன.

அடக்கம் என்ற பண்பையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். ‘கிறித்தவப் பெண் அடக்கமாக உடுத்த வேண்டும்’ என்பது இன்று மகளுக்குச் சொல்லும் கட்டுப்பாடு. ஆனால் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டபோது அது கலகம். தெருவில் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1859இல் அரசு இறங்கிவந்தபோதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஆக, பண்பு என்பது தன்னளவில் விலங்கும் அல்ல, விடுதலையும் அல்ல. யார், யாருக்கு எதிராக அதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதே அதன் பொருளை முடிவுசெய்கிறது.

மறுபக்கமும் உண்டு. கோதாவரிக் கரையில் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல் நம் வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். மிஷனரிகள் கொண்டுவந்த அதே லேஸ்தான். உலகச் சந்தைக்குப் பின்னிய பெண்கள் ‘வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்’ என்றும், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றும் கணக்கிடப்பட்டார்கள். இல்லத்தரசி என்ற அடையாளமே கூலியைக் குறைக்கும் கருவியானது. நல்ல மனைவி என்ற பட்டத்தின் பொருளாதாரம் இதுதான்.

6

1960இல் வேலரி சேவிங் என்ற இறையியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தை இன்னொரு பக்கம் திருப்பியது. மனிதனின் அடிப்படைப் பாவம் அகந்தை, அதற்கு மருந்து தன்னை அழித்துக்கொள்ளும் அன்பு என்று இறையியல் சொல்லிவந்தது. சேவிங் கேட்டார்: இது யாருடைய அனுபவம்? அதிகாரத்தில் இருக்கும் ஆணின் சோதனை அகந்தையாக இருக்கலாம். பெண்ணுடைய சோதனை அதற்கு எதிரானது: தனக்கென்று ஒரு மையம் இல்லாமல் பிறர் தேவைகளுக்குள் சிதறிக் கரைந்துபோவது. அவளிடம் போய்த் தாழ்மையைப் பிரசங்கிப்பது நோய்க்கு மருந்தல்ல, நோயையே ஊட்டுவது.

இது வெறும் கருத்துத் தகராறு அல்ல. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறித்தவக் கணவன் மனைவியின் பிறர்மனை உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ பெரும்பாலும் அதோடு கொடுமையையோ, கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதைக்கு விவாகரத்து கிடையாது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இதைக் குறைத்துத் தீர்ப்பளித்தது. 2001இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் காரணங்களைச் சமமாக்கியது. 132 ஆண்டுகள் மனைவியின் பொறுமை அவளுடைய பண்பாக மட்டும் இருக்கவில்லை. சட்டம் அவளிடம் வசூலித்த வரியாகவும் இருந்தது. சட்டம் மாறிவிட்டது. பிரசங்கம் மாறியதா என்பதை அவரவர் ஊர்க் கோயிலில் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் பொறுமையும் அன்பும் வேண்டாமா? வேண்டும். நோயாளியும் குழந்தையும் இருக்கும் எந்த வீடும் அவை இல்லாமல் ஒருநாள்கூட ஓடாது. பண்பு பழக்கத்தால் வருவது என்றால், பழக்கத்தைத் தரும் வேலையும் எல்லோருக்கும் வர வேண்டும். இரவில் எழுந்து பிள்ளையின் மலத்துணியை அலசாத தகப்பனுக்குப் பொறுமை என்ற பண்பு எந்த வழியாக வரும்? அதை அவன் இழக்கிறான் என்று கிறித்தவம் தன் சொந்தக் கோட்பாட்டின்படியே சொல்ல வேண்டும். அதேபோல் வீட்டு வரவுசெலவில், சொத்தில், பேச்சில் தன் பங்கைக் கேட்கும் மனைவி குடும்பச் சமாதானத்தைக் கெடுப்பவள் அல்ல. நீதி என்ற பண்பைப் பயில்கிறவள்.

லூக்கா சுவிசேஷத்தில் மார்த்தாள் இயேசுவிடம் ஒரு முறையீடு வைக்கிறாள்: வேலை முழுவதும் என் தலையில் விழுகிறது, இவளை உதவச் சொல்லும் என்று. இயேசு மரியாளின் பக்கம் நின்றார். பெண் உட்கார்ந்து போதனை கேட்கும் உரிமையை அன்று அவர் காத்தார் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குச் சமையலை யார் முடித்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர் எழுந்து போயிருக்கலாம். சபையும் சரி, நம் இயக்கங்களும் சரி, இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருப்பது மார்த்தாளின் அந்த முறையீட்டுக்குத்தான்.