வெண்ணெய் மலையும் ஒரு விவசாய மந்திரியும்

நல்ல விலையை அரசாங்கமே நிர்ணயித்து, விற்காத சரக்கையும் அதுவே வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நன்மைதானே என்று பலர் கேட்பதுண்டு. அப்படி ஓர் ஏற்பாட்டை உருவாக்கியவரே பிறகு அதன் குறையை எடுத்துச் சொன்ன வரலாறு, நம் போன்ற வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டியது. அவர் பெயர் சிக்கோ மான்ஸ்ஹோல்ட். ஹாலந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்து நாட்டுக்காரர்.

1908-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் ஜாவா தீவின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். காலனி ஆட்சிமுறை பிடிக்காமல் ஊர் திரும்பி, கடலை வற்றவைத்து உண்டாக்கிய நிலத்தில் பயிர் செய்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு இயக்கத்துக்கு உதவினார்.

1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பட்டினியால் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். யுத்தம் முடிந்ததும், 1945 ஜூனில், 36 வயதான மான்ஸ்ஹோல்டிடம் விவசாயம், உணவு இலாகா ஒப்படைக்கப்பட்டது. சுமார் பன்னிரண்டரை ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். இனி ஒருபோதும் பஞ்சம் வரக்கூடாது என்பதே அவருடைய நோக்கம்.

1958-ல் ஆறு நாடுகள் சேர்ந்த ஐரோப்பியப் பொதுச் சந்தையின் விவசாயப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏற்பாடு இதுதான்: வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தால் வித்தியாசத் தொகையைத் தீர்வையாக வசூலிப்பது; உள்ளூரில் விலை இறங்கினால் குறித்த விலைக்கு அரசு நிறுவனங்களே கொள்முதல் செய்வது; மிஞ்சியதை நஷ்ட ஈடு கொடுத்து ஏற்றுமதி செய்வது.

பலன் கிடைத்தது, உற்பத்தி பெருகியது. ஆனால் எவ்வளவு கறந்தாலும் வாங்க ஆள் உண்டு என்றால் யார்தான் கறவையைக் குறைப்பார்கள்? குளிர்பதனக் கிடங்குகளில் வெண்ணெய் குவிந்தது. ‘வெண்ணெய் மலை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. வட்டியும் கிடங்குச் செலவும் ஏற ஏற, இருப்புச் சரக்கு கடன்காரனாக மாறும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1968 டிசம்பரில் மான்ஸ்ஹோல்ட் துணிந்து பேசினார். விலையை உயர்த்திக்கொண்டே போவது சிறு விவசாயியைக் காப்பாற்றாது. 50 லட்சம் பேர் வேறு தொழிலுக்கோ ஓய்வுக்கோ போக வேண்டும், அதற்கு உதவித்தொகை தர வேண்டும். 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்க வேண்டும் என்றார்.

விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விடச் சொன்னால் வயிறு எரியாதா? 1971 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு லட்சம் பேர் வரை திரண்டார்கள். கலவரத்தில் ஒருவர் உயிரிழந்தார். திட்டத்தின் ஒரு பகுதி மட்டும் 1972-ல் சட்டமானது. அதே ஆண்டில் அவர் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரானார்; 1973 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

அவர் சொன்ன மிகை உற்பத்திக் கணக்கைத் தட்ட முடியவில்லை. 1984-ல் பாலுக்கு உற்பத்தி வரம்பு வைத்தார்கள். 1992-ல் ஆதரவு விலையைக் குறைத்து, விவசாயிக்கு நேரடியாகத் தொகை தரும் முறைக்கு மாறினார்கள். 1995-ல் மான்ஸ்ஹோல்ட் காலமானார்.

விவசாயிக்குக் கட்டுப்படியான விலை வேண்டும். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் விலையோடு அளவும் பார்க்க வேண்டும். போட்ட கணக்கு தப்பினால், போட்டவரே அதைத் திருத்த முன்வர வேண்டும். கடைக்கும் அதுதான், சர்க்காருக்கும் அதுதான்.