எண்களைக் கண்ணாற் காணுதல்

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்படும்பொழுது நிகழ்வதை அங்கத்தினர் யாவரும் அறிவர். நூல் இருப்பு, துணி விற்பனை, கடன் நிலுவை என எண்கள் வரிசை வரிசையாக வரும். பத்தாவது வரிக்குள் கேட்போர் கருத்து வேறெங்கோ சென்றுவிடும். பிறகு அறிக்கையை ஏற்கிறோம் என்று அனைவரும் கை தூக்குவர். சங்கத்தின் உடைமையாளர் அவர்களே. எனினும் தம் உடைமையின் நிலையை அறியாமலே ஒப்புதல் அளிக்கின்றனர். இதனை அவர்தம் குறையென்று நாம் கருதவில்லை. எண் நிரலின் இயல்பே அது. ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே நிற்கும். அவற்றிடையே உள்ள உறவு வெளிப்படாது. அவ்வுறவைக் கண்முன் நிறுத்துவதே வரைபடத்தின் பணி.

நெசவாளர்க்கு இது புதிதன்று. ஜக்கார்டு தறியில் ஒரு புட்டா நெய்ய வேண்டுமாயின், முதற்கண் அதனைக் கட்டத்தாளில் எழுதிக்கொள்கின்றனர். நிறமிட்ட கட்டம் பாவிழை எழும் இடம். வெற்றுக் கட்டம் தாழும் இடம். அதனைப் பார்த்தே அட்டையில் துளையிடுகின்றனர். அதே புட்டாவை எந்த இழை மேல், எந்த இழை கீழ் என்று எண்களாலேயே எழுதி வைத்தால், அதில் மாங்காய் இருக்கிறதா, மயில் இருக்கிறதா என்று எவராலும் கூற இயலாது. கட்டத்தாளிலோ தவறிய ஒரு கட்டமும் பார்த்தவுடன் கண்ணை உறுத்தும்.

வணிகக் கணக்கை இவ்வாறு வரையத் துணிந்தவர் ஸ்காட்லாந்து நாட்டினரான வில்லியம் பிளேஃபேர். 1786-ல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதிக்கு ஒரு கோடும் இறக்குமதிக்கு ஒரு கோடும் வரைந்தார். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளியே அந்நாட்டின் ஆதாயமும் நட்டமும் ஆயிற்று.

ஆயினும் பருத்தி விளைப்போரும் நூல் வாங்குவோரும் தெரிந்துகொள்ளத்தக்க வரைபடம் வேறொன்று உண்டு. அதனை வரைந்தவர் சார்லஸ் ஜோசப் மினார் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். 1781-ல் பிறந்த அவர், பாலங்கள் சாலைகள் துறையில் பணியாற்றி 1851-ல் ஓய்வு பெற்றார். பேர்பெற்ற அவருடைய படங்களிற் பெரும்பாலானவை அதன் பின்னரே தோன்றியவை. எழுபது வயதுக்கு மேல் ஒருவர் இத்துணை வேலை செய்தார் என்பதே நமக்கு வியப்பு.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடவர் கப்பல்கள் அடைத்தமையால் ஐரோப்பாவுக்குப் பருத்தி வரவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பல நின்றன. இலட்சக்கணக்கான தொழிலாளர் பிழைப்பிழந்தனர். ஆலைக்காரர்கள் இந்தியாவை நோக்கினர். குட்டை இழைப் பருத்தி என்று முன்னர் முகஞ்சுளித்தவர்களே அதனை விரும்பி வாங்கலாயினர். 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது, பம்பாயில் வணிக நிறுவனங்கள் பல வீழ்ந்தன.

இக்கதை முழுவதையும் மினார் மூன்று நிலப்படங்களில் அடக்கினார். 1858, 1864, 1865 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு வந்த பஞ்சு, கடல்மீது விரித்த நாடாக்களைப் போல் அவற்றிற் காட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். ஒரு மில்லிமீட்டர் அகலம் 5,000 டன்னைக் குறிக்கும். முதற்படத்தில் அமெரிக்க நாடா அட்லாண்டிக் கடலையே மூடிக் கிடக்கிறது. இரண்டாவதில் அது நூலிழையாய் மெலிந்துவிட, இந்திய நாடா பருத்துப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏறுகிறது. சூயஸ் கால்வாய் 1869-லேதான் திறக்கப்பட்டது. மூன்றாவதில் அமெரிக்க நாடா மீண்டும் தலைகாட்டுகிறது. அந்த நாடா எதனை அறிவிக்கிறது என்பது பருத்தி விதைத்து விலை விழக் கண்ட எந்த விவசாயிக்கும் விளங்கும். நீரிணைகளின் வழியே அகன்ற நாடாக்கள் நுழைய இடமின்மையால் மினார் கரைகளையே சற்று ஒதுக்கி வரைந்தார். படத்தின் தலைப்பிலேயே “தோராயமானது” என்றும் குறித்தார். அவரது இந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சராசரி என்னும் திரையையும் வரைபடம் விலக்கும். 1973-ல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலார் நான்கு எண் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்குக்கும் சராசரி ஒன்றே. ஏற்ற இறக்க அளவும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தாலோ ஒன்று சாய்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் வேறு வேறு. விவசாயிக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டு மழை ஒரே அளவான இரண்டு ஊர்களில், ஒன்றில் நான்கே நாளில் கொட்டித் தீர்த்திருக்கலாம். மற்றொன்றில் பயிர் வேண்டிய பொழுதெல்லாம் பெய்திருக்கலாம்.

படமும் பொய் சொல்லும் என்பதையும் மறைக்கலாகாது. விற்பனை 100-லிருந்து 104 ஆயிற்று என்று கொள்வோம். அளவுகோலைப் பூச்சியத்தில் தொடங்காது 99-ல் தொடங்கினால் இரண்டாவது தூண் முதலாவதைப்போல் ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கும். விளைச்சல் இருமடங்காயிற்று என்று காட்ட, பஞ்சுப் பொதியின் படத்தை உயரத்திலும் அகலத்திலும் இருமடங்காக்குவோர் உளர். பரப்போ நான்கு மடங்காகிவிடும்! ஆதலின் தூண் படம் காட்டப்பட்டால் அங்கத்தினர் முதலில் நோக்க வேண்டியது தூணையன்று, அதன் அடியில் எழுதிய எண்ணையே.

சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒரு கட்டத்தாளை ஒட்டுவதற்குப் பெருஞ்செலவில்லை. அடியில் பன்னிரண்டு மாதங்களையும் பக்கத்தில் ரூபாயையும் குறிக்கலாம். உற்பத்தியான துணியின் மதிப்பைக் கறுப்பு மையிலும், விற்ற துணியின் மதிப்பை அதே அடக்க விலையில் சிவப்பு மையிலும் மாதந்தோறும் ஒரு புள்ளி வைத்து இணைத்து வந்தால் போதும். தீபாவளியை ஒட்டிச் சிவப்புக் கோடு எழுவதும் பின்னர் விழுவதும் தெரியும். சிவப்பு கறுப்புக்குக் கீழே ஓடும் மாதங்களில் இடைப்பட்ட பரப்பு, அலமாரியில் புதிதாய்த் தேங்கும் துணி. அது மூன்று மாதம் தொடர்ந்து அகலுமாயின், செயலாளரைக் கேள்வி கேட்க அங்கத்தினர் ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.