சூப்பர்வைசர் ஆகப்போகும் நண்பர்களுக்கு...



மூன்று வருடப் படிப்பில் எத்தனையோ பாடங்கள் படிக்கிறோம். லேத்தில் திரெட் போடுவது, லெவல் கருவி வைத்து சர்வே எடுப்பது, மோட்டார் வைண்டிங் சுற்றுவது என்று கைக்கும் வேலை, மூளைக்கும் வேலை. ஆனால் செமஸ்டரில் கேள்வியே வராத ஒரு பாடம் உண்டு. மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி, அவர்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்பதுதான் அது. வேலையில் சேர்ந்ததும் முதலில் நம்மைச் சோதிக்கப்போவது இந்தப் பாடம்தான்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிப்ளமோ முடித்து, ஓராண்டு அப்ரெண்டிஸ் பயிற்சியும் முடித்து, ஸ்ரீபெரும்புதூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக நிற்கிறோம். வயது 21. நமக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவருக்கு நம் அப்பா வயது. அதே மெஷினில் பதினெட்டு வருடம் நின்றவர். மேலே மேனேஜர், "இன்னைக்கு டார்கெட் ஏன் வரல?" என்று கேட்கிறார். கீழே இருப்பவர்கள், "தம்பி நேத்துதான் வந்தாரு, அவருக்கு என்ன தெரியும்?" என்று பார்க்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் டிப்ளமோ படித்த சூப்பர்வைசர்!

இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். ஒன்று, குரலை உயர்த்தி மிரட்டுவது. இரண்டு, "நமக்கு எதுக்குப்பா வம்பு" என்று ரிப்போர்ட்டை மட்டும் எழுதிக்கொண்டு ஒதுங்குவது. மிரட்டினால் நாம் நிற்கும்வரை வேலை நடக்கும், திரும்பியதும் நின்றுவிடும். ஒதுங்கினால் பிரச்சினை வளரும். கடைசியில் பழி நம் தலையில்தான் விழும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வேலை செய்பவரிடமே கேட்பது! எளிதாகத் தோன்றும் இந்த வழிக்கு ஒரு முறை உண்டு, வரலாறும் உண்டு.

அதே ஆட்கள், வேறு தொழிற்சாலை

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் அங்கே சாதாரணம். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் தினமும் சண்டை. கார்களின் தரமோ கேட்கவே வேண்டாம். "இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது" என்ற நிலை வந்து, 1982-இல் அதை மூடிவிட்டார்கள்.

1984-இல் ஜப்பானின் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தில் நம்மி என்ற பெயரில் புதிய கம்பெனியைத் தொடங்கியது. வேலைக்கு யாரை எடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை! அதே தொழிற்சங்கமும் தொடர்ந்தது. மாறியது வேலை செய்யும் முறை. நாலைந்து பேர் கொண்ட சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டீம் லீடர். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். லைன் நெடுக ஒரு கயிறு கட்டியிருந்தது. கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் ஓடிவருவார். திட்டுவதற்கு இல்லை, உதவி செய்வதற்கு! அங்கேயே சரியாகாவிட்டால் லைனே நிற்கும்.

சில வருடங்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளில் தரத்தில் முன்வரிசைக்கு வந்தது நம்மி. வேலைக்கு வராதவர் எண்ணிக்கையும் மிகக் குறைந்துபோனது. 2010-இல் நம்மி மூடப்பட்டது என்றாலும், அது சொன்ன பாடம் பழசாகவில்லை. ஆள் சரியில்லை என்று நாம் சொல்லும்போது, பல நேரம் சரியில்லாதது ஆளல்ல, ஆளை நடத்தும் முறை.

இதையே வேறு விதமாகச் சொன்னவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் (1900-1993). 1950-இல் ஜப்பான் சென்று அங்குள்ள பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். தவறுகளில் பெரும்பகுதி அமைப்பில் இருக்கிறது, அதைச் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு, தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை என்பது அவர் வாதம். வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்றும் வற்புறுத்தினார். பயம் இருந்தால் என்ன ஆகும்? கெட்டுப்போன பீஸை மறைப்பார்கள். மறைத்த பீஸ் கஸ்டமர் கையில் போய்த்தான் வெளியே தெரியும்!

தர வட்டம் என்றால் என்ன?

கேட்பது நல்லது, சரி. பத்துப் பேரிடம் எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது? அதற்கு ஜப்பான் கண்ட வழிதான் குவாலிட்டி சர்க்கிள் எனப்படும் தர வட்டம். பேராசிரியர் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் 1962-இல் அங்கே தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலாக 1980-இல் ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரம் பெல் தொழிற்சாலையில் அமைத்தார்கள். 1982-இல் இதற்கென்றே இந்தியத் தர வட்டப் பேரவை உருவானது.

அமைப்பு மிக எளிது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி வேலை செய்யும் ஆறு முதல் பத்துப் பேர். விரும்பியவர் மட்டும் சேரலாம், கட்டாயம் கூடாது. வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. தங்கள் வேலையில் உள்ள பிரச்சினையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே காரணம் கண்டுபிடித்து, தீர்வை நிர்வாகத்தின் முன் வைப்பது. பெரும்பாலும் சூப்பர்வைசரோ, குழுவில் ஒருவரோ தலைவராக இருப்பார். அவர் வேலை உத்தரவு போடுவதல்ல. எல்லாரையும் பேச வைப்பது!

உதாரணத்துக்கு ஒரு ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 100 வார்ப்புகள் ரிஜெக்ட் ஆகின்றன. "எல்லாரும் கவனமா வேலை செய்யுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவது பழைய வழி. தர வட்டம் முதலில் எண்ணிப் பார்க்கும். மணல் சேர்ந்து கெட்டது 46, காற்றுத் துளை விழுந்தது 27, சுருங்கிப்போனது 12, மோல்டு நகர்ந்தது 9, மற்றவை 6. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் அதுதான் பாரெட்டோ படம். முதல் இரண்டு கோளாறுகளைச் சரிசெய்தால் நூற்றில் 73 போயிற்று! எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டியதில்லை என்பது உடனே புரிகிறது.

அடுத்து "ஏன்?" என்று ஐந்து முறை கேட்பது.

மணல் ஏன் சேர்ந்தது? மோல்டுக்குள் உதிரி மணல் கிடந்தது.
ஏன் கிடந்தது? மூடும் முன் காற்றடித்துச் சுத்தம் செய்யவில்லை.
ஏன் செய்யவில்லை? ஏர் ஹோஸ் கடைசி மோல்டு வரை எட்டவில்லை.
ஏன் எட்டவில்லை? மெஷினை இடம் மாற்றினார்கள், ஹோஸ் பழைய நீளத்திலேயே இருக்கிறது.
ஏன் அதை யாரும் பார்க்கவில்லை? இடம் மாற்றும்போது அங்கே வேலை செய்பவரைக் கேட்கவே இல்லை!

பார்த்தீர்களா? 'கவனக்குறைவு' என்று தொடங்கியது, சில அடி ரப்பர் ஹோஸில் வந்து முடிந்தது. அந்த மெஷினில் நிற்கும் அண்ணனுக்கு இது முதல் நாளே தெரியும். "நான் அப்பவே சொல்லியிருப்பேன் தம்பி, யாரு கேட்டா?" என்பார். ஒரு முறை கேட்டு, அடுத்த வாரமே ஹோஸ் மாறிவிட்டால், அதற்குப் பிறகு அவர் கேட்காமலே சொல்வார். ஈடுபாடு என்பது இப்படித்தான் வருகிறது, மேடைப் பேச்சால் வருவதில்லை.

நம் பக்கத்து ஊரிலேயே!

இதெல்லாம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும்தான் சரிப்படும் என்று நினைக்கவேண்டாம். டெமிங் பெயரால் ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் விருதை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னை பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஆண்டு 1998. 2003-இல் அதைப் பெற்றவர்களில் ஒன்று பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி பிரிவு. அது எங்கே இருக்கிறது தெரியுமா? நம் திருத்தணிக்குப் பக்கத்தில், சோளிங்கரில்! நரசிம்மர் மலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஊர்தான். சூடு, புகை, மணல் என்று ஃபவுண்டரி வேலை எவ்வளவு கஷ்டம் என்று ஒர்க்‌ஷாப்பில் மோல்டிங் பெட்டியைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும். அந்த விருதை மேனேஜர்கள் மட்டும் சேர்ந்து வாங்கிவிட முடியாது. கடைசித் தொழிலாளி வரை தர முயற்சியில் பங்கெடுக்கிறார்களா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கொடுக்கிறார்கள்.

வட்டம் எப்போது உடைகிறது?

நல்லதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். தொடங்கிய தர வட்டங்கள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. காரணங்களும் தெரிந்தவைதான்.

முதலாவது, பதில் வராதது. குழு யோசனை சொல்கிறது, ஃபைல் மேலே போகிறது, திரும்பி வருவதில்லை. மூன்றாவது முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லிவிடவேண்டும்.

இரண்டாவது, கண்காட்சி ஆக்குவது. போட்டிக்கு சார்ட் ஒட்டி, பரிசு வாங்கி, போட்டோ எடுத்து முடிந்தது கதை என்றால் வட்டமும் முடிந்தது.

மூன்றாவது, பெயரைத் திருடுவது. தொழிலாளி சொன்ன யோசனையைச் சூப்பர்வைசர் தன் யோசனையாக மேலே சொல்வது. இதைவிடச் சீக்கிரம் ஒரு குழுவைக் கொல்லும் விஷம் இல்லை.

நான்காவது, உரிமைக்குப் பதிலாக வட்டத்தைக் காட்டுவது. சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு, சங்கம் ஆகியவை பேச்சுவார்த்தையில் தீரவேண்டியவை. தர வட்டம் அதற்கு மாற்று ஆகாது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது நமக்குத் தெரியும். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கவேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. தன் குரலுக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்கும் மனிதருக்கு, மெஷினைப் பற்றி மட்டும் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதாது. நம்மியிலும் சங்கத்தை ஒதுக்கிவிட்டு மாற்றம் நடக்கவில்லை, சங்கத்தோடு சேர்ந்துதான் நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

இன்று இன்னொரு சிக்கலும் உண்டு. லைனில் நிற்பவர்களில் பலர் காண்ட்ராக்ட், டிரெய்னி என்று சில மாதங்களுக்கே வருகிறார்கள். நாளை இருப்போமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் யோசனை சொல்வார்? இதைச் சூப்பர்வைசரால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வட்டத்தில் உட்கார வைக்க நம்மால் முடியும்.

இப்போதே தொடங்கலாம்

வேலை கிடைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம். கல்லூரியிலேயே பழகலாம்.

1. புராஜெக்ட் பேட்ச்சில் ஒருவர் செய்ய, ஐந்து பேர் பெயர் போடும் வழக்கத்தை விடுவோம். வாரம் ஒரு மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து, பேசாதவரை முதலில் பேச வைப்போம்.

2. ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கெட்டுப்போனால் தூக்கி எறியாமல் ஐந்து 'ஏன்' கேட்டு நோட்டில் எழுதுவோம்.

3. மாணவர் மன்றக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தால், யார் சொன்னது என்று அவர் பெயரோடு பதிவு செய்வோம்.

4. வேலையில் சேர்ந்த முதல் மாதம் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். மூத்த தொழிலாளியிடம் "அண்ணே, இது எப்படின்னு சொல்லிக் கொடுங்க" என்று கேட்டால் நம் மரியாதை குறையாது, கூடும்.

5. மொழியைப் பயன்படுத்துவோம். எல்லையோரத்தில் இருக்கும் நமக்குத் தமிழோடு தெலுங்கும் ஓரளவு வாயில் வரும். இன்று தொழிற்சாலைகளில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்களும் நிற்கிறார்கள். அவரவர் மொழியில் நான்கு வார்த்தை பேசுகிற சூப்பர்வைசரிடம்தான் கோளாறு முதலில் வந்து சேரும்.

திருக்குறளில் 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். எந்த வேலைக்கு யார் தகுந்தவர் என்று ஆராய்ந்து, அந்த வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அதில் வள்ளுவர் சொல்லும் கருத்து. ஒப்படைப்பதுதான் கடினம், நண்பர்களே! நம் அதிகாரம் குறைந்துவிடுமோ என்று மனசு இடம் கொடுக்காது. ஆனால் அப்படி ஒப்படைக்கும் குழுவிலிருந்துதான் அடுத்த தலைவர் வருவார். தான் லீவில் இருக்கும் நாளிலும் லைன் ஒழுங்காக ஓடும்படி ஆட்களை வளர்த்தவரே நல்ல சூப்பர்வைசர்.

தினமும் ஒரு சின்ன முன்னேற்றம் என்பதை ஜப்பானியர் கைசன் என்கிறார்கள். நம் ஊர் மலைக்கு 365 படிகள். வருடத்துக்கும் அத்தனை நாட்கள். ஒரே தாவலில் யாரும் மேலே போனதில்லை. நாளைக்கு ஒரு படி, பக்கத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு ஏறுவோம்!